ஷட்டர் மூடியிருக்கும் பாதி நேரம்

வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் புதிதாகக் கேமரா பிடிக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பைத்தான் சின்னவளும் அன்று காலையில் செய்திருந்தாள். அது தப்பு என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தே செய்ததால்தான், மத்தியானம் வீட்டுக்கு வந்து எடிட்டிங் அறையில் உட்கார்ந்து முதல் ஷாட்டைத் திறந்தபோது, படத்தில் நின்றிருந்த தன் தோளுக்குப் பின்னால் விழுந்திருந்த சாம்பல் நிறத் தீற்றலைப் பார்த்து அவள் பயப்படவில்லை. அக்கா பார்த்தால் தோலை உரித்துவிடுவாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

கல்யாணம், பிறந்தநாள், பள்ளிக்கூட விழா என்று வீடியோ எடுத்துக் கொடுப்பது அக்காவின் தொழில். அக்கா எடுப்பாள், சின்னவள் வெட்டி ஒட்டுவாள். மாமாவுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் முக்கால்வாசி கடலில்தான். ஆக அந்த அடுக்குமாடி வீட்டில் அக்கா, அக்காவின் மகள் பாப்பா, சின்னவள் என்று மூன்று பேர். அன்றைக்குப் பார்த்து இரண்டு வேலை மோதிக்கொண்டன. பாப்பாவின் பள்ளி ஆண்டுவிழாவுக்கு அக்கா இரண்டாவது கேமராவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நடன ஆசிரியை ஒருத்தியின் ஒத்திகையை எடுக்கும் வேலை சின்னவள் தலையில் விழுந்தது. அவளுக்கு அது முதல் தனி ஷூட். ஆசிரியையோ விளக்குப் போடவே கூடாது, பிள்ளைகளுக்குக் கண் கூசும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அதனால் சின்னவள் ஷட்டரில் கை வைத்தாள்.

அந்த வீட்டில் ஷட்டரில் கை வைப்பது கிட்டத்தட்டக் கொலைக் குற்றம். நொடிக்கு இருபத்தைந்து படம். ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு நொடி திறந்திருக்க வேண்டும். இது ஊர் உலகத்தில் எல்லோரும் வைத்துக்கொள்கிற கணக்குதான். படத்தின் எண்ணிக்கை எவ்வளவோ அதைப்போல் இரண்டு மடங்கு ஷட்டர். அப்படி வைத்தால் வீசுகிற கையும் திரும்புகிற தலையும் நம் கண்ணுக்குப் பழகினபடி லேசாகக் கலங்கித் தெரியும். அதற்கு மேலே போனால் அசைவு வெட்டி வெட்டி விழும், கீழே இறங்கினால் எல்லாம் கோலமாவு கொட்டின மாதிரி இழுபடும். ஆனால் மற்றவர்கள் தேவைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்வார்கள். அக்கா மட்டும் இரண்டு கேமராவின் டயல் மேலும் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தாள். சின்னவள் ஒருதரம் அதை உரிக்கப் போய், இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது.

"இந்தக் கணக்குல கேமரா பாதி நேரம் பார்க்கும், பாதி நேரம் கண்ணை மூடிக்கும். மூடிக்கிறதுதான் நல்லது" என்று அக்கா சொல்வாள். தொழில் ரகசியம் சொல்கிற தோரணையில் சொல்வாள். சின்னவள் அதைக் கிண்டல் பண்ணுவாள்.

இன்று காலை டேப்பை உரித்துவிட்டு ஷட்டரை இருபத்தைந்துக்கு இறக்கினாள். இரண்டு மடங்கு வெளிச்சம் கிடைத்தது. நொடிக்கு இருபத்தைந்து படம், ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்தில் ஒரு பங்கு நொடி. ஒரு படம் முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்கிவிடும். கேமராவுக்கு இமைக்கவே நேரம் கிடையாது.

இழுபடும் என்று தெரியும். இழுபட்டும் இருந்தது. ஆடுகிற பிள்ளைகளின் கைகள் புகை மாதிரி தெரிந்தன. அதெல்லாம் சரி. ஆனால் முதல் ஷாட்டில் ஆட்டம் எதுவும் இல்லை. அது டெஸ்ட் ஷாட். எந்த ஷூட்டுக்குப் போனாலும் அக்கா முதல் வேலையாக, "வாடி, வந்து நில்லு, கலர் பார்க்கணும்" என்று சின்னவளை லென்ஸுக்கு முன்னால் நிறுத்துவாள். அப்போது மட்டும் அக்காவே டேப்பைத் தூக்கி டயலைத் திருகி, ரெக்கார்டு பண்ணாமல் திரையை மட்டும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மறுபடி ஐம்பதில் வைத்து ஒட்டிவிடுவாள். "உன் முகம்தான் எனக்கு அளவு" என்பாள். இன்று அக்கா இல்லாததால் சின்னவள் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுத் தானே ஓடிப்போய் நின்றிருந்தாள். பழக்கம்.

படத்தில் அவள் அசையாமல் நிற்கிறாள். பின்னால் வெறும் சுவர். அசையாத இடத்தில் எது இழுபட்டது?

ஹார்ட் டிஸ்க்குகள் முனகிக்கொண்டிருந்தன. தடித்த திரைச்சீலையின் ஓரமாக ஒரு கோடு வெயில் விழுந்து, பாப்பா சுவரில் கிறுக்கிய கிரேயான் பூனையின் வாலை மட்டும் காட்டியது. சூடான தூசியும், கழுத்துக்குத் தடவின வலித் தைலமும் கலந்து அறைக்கென்று ஒரு வாசனை உண்டு. அதை முகர்ந்துகொண்டே சின்னவள் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். தீற்றல் ஒரு படத்தில் இடது தோளுக்கு மேல் இருந்தது. அடுத்ததில் காதுக்குப் பக்கத்தில். அதற்கடுத்ததில் பிடரிக்குப் பின்னால் போயிருந்தது. வெளிச்சக் கோளாறு ஒரே இடத்தில் விழும். லென்ஸ் அழுக்கு நகராது. இது அவளைச் சுற்றி வந்தது.

கேமராவின் சென்சாரில் பழுது இருக்கலாம். விலை கூடின பொருள், அக்கா கடன்பட்டு வாங்கினது, முதல் நாளே கெடுத்துவிட்டோமோ? சோதித்துவிடுவோம் என்று எழுந்தாள்.

ஸ்டாண்டைப் போட்டாள். அதே ஷட்டரில் காலி அறையை எடுத்தாள். ஒன்றும் இல்லை. நாற்காலியை வைத்து எடுத்தாள், பாப்பாவின் துணிக் கரடியை உட்கார வைத்து எடுத்தாள். கரடி சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. சென்சார் சுத்தமாக இருந்தது. கடைசியாகத் தானே போய் நின்றாள்.

இருந்தது. இங்கேயும் இருந்தது. மண்டபத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் அடர்த்தியாக, அவள் முதுகை ஒட்டி.

அப்போதே கேமராவை மூடி வைத்திருக்கலாம். ஆனால் தொழில் தெரிந்தவளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கலங்கித் தெரிகிற எதையும் தெளிவாகப் பார்க்காமல் விட மனம் வராது. வேகமாக அசைவது தெளிவாக விழ வேண்டுமானால் படத்தின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். நொடிக்கு நூறு படம், ஷட்டர் நூறு. அப்போதும் கேமரா இமைக்காது. ஆனால் ஒவ்வொரு பார்வையும் சின்னதாக இருக்கும், இழுபட இடம் இருக்காது. அதற்கு வெளிச்சம் நிறைய வேண்டும். சின்னவள் திரைச்சீலையை இரண்டு பக்கமும் இழுத்துத் தள்ளினாள். நட்ட நடு வெயில் அறைக்குள் கொட்டியது. கீழே தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள். எதிர் வீட்டு பால்கனியில் துணி காய்ந்தது. அந்த வெயிலில் நின்று, லென்ஸைப் பார்த்து, மூச்சை அடக்கிக்கொண்டாள்.

பிறகு உட்கார்ந்து ஓட விட்டாள். நாலு பங்கு மெதுவாக ஓடியது.

ஆள் உயரம் இருந்தது. நின்றுகொண்டிருந்தது. தலை என்று சொல்லக்கூடிய ஒன்று அவள் தோளுக்கு மேல் வளைந்து வந்திருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் தோல் மட்டும் வழவழவென்று இறங்கிப் போயிருந்தது. வாய் மட்டும் இருந்தது. சூடான பாலை ஊதி ஆற்றுகிறவர்கள் மாதிரி அந்த வாயைக் குவித்து, அவள் பிடரிக்கு ஒரு விரல் தூரத்தில் வைத்திருந்தது.

ஊதவில்லை. பிடரியில் இருந்த பூனைமயிர்கள் அந்த வாயின் பக்கமாக எழுந்து நின்றன. உறிஞ்சிக்கொண்டிருந்தது.

சின்னவளின் கை தானாகப் பின்கழுத்துக்குப் போய், பாதி வழியில் நின்றுவிட்டது. அங்கே கையைக் கொண்டு போனால் எதன்மேல் படும் என்று தெரியவில்லை. கழுத்துக்குப் பின்னால் சில்லென்ற அந்த வலி அவளுக்குப் புதிதில்லை. ஒரு வருஷமாக இருக்கிறது. நாள் பூராவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடை இறங்கினது, முடி கொட்டினது, படுத்தால் தூக்கம் வராதது எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். சாயங்காலம் ஆனால் அக்காதான் தைலம் தடவி விடுவாள். முதுகுப் பக்கம் உட்கார்ந்து, கூந்தலை ஒதுக்கி, ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் தடவுவாள்.

போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள்.

"என்னடி, ஷூட் முடிஞ்சுதா?" அக்காவின் குரலுக்குப் பின்னால் பள்ளிக்கூட மைக் அலறியது.

"அக்கா, டெஸ்ட் ஷாட்ல… என் பின்னாடி…"

மைக் சத்தம் தூரமாகப் போனது. அக்கா எங்கேயோ நடந்து வெளியே வந்துவிட்டாள்.

"ஷட்டர எவ்வளவுல வச்ச?"

பின்னால் என்ன என்று கேட்கவில்லை. முதல் கேள்வியே அதுதான்.

"இருபத்தஞ்சு. வெளிச்சமே இல்லக்கா."

திட்டப்போகிறாள் என்று சின்னவள் காத்திருந்தாள். அக்கா திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"சரி விடு" என்றாள் அக்கா, பாப்பாவைத் தூங்க வைக்கும்போது பேசுகிற குரலில். "கேமராவ மூடி வச்சிட்டுப் போய்ப் படு. நான் வந்து பார்த்துக்கறேன். பழைய ஃபுட்டேஜ் எதையும் தோண்டிட்டு உக்காராத."

லைன் அறுந்தது.

பழைய ஃபுட்டேஜைப் பற்றி சின்னவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு அந்த எண்ணமே வந்திருக்கவில்லை. அக்கா சொன்ன பிறகுதான் வந்தது.

கழுத்து வலி எப்போது தொடங்கியது என்று யோசித்தாள். பாப்பாவின் பிறந்தநாளுக்கு மறுநாள். முந்தின நாள் பலூன் கட்டினதால் சுளுக்கு என்று சிரித்தது ஞாபகம் இருந்தது.

பிறந்தநாளை எடுத்தது இந்த வீட்டிலேயே. சின்னவள்தான் வெட்டினாள், பாட்டுப் போட்டு மாமாவுக்கு அனுப்பினாள். நாலு நிமிஷ வீடியோ. அதில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வெட்டித் தள்ளின மிச்சம் எல்லாம் டிஸ்க்கில் கிடந்தது. இருட்டாக இருக்கிறது, ஆடுகிறது என்று பார்த்தவுடன் ஒதுக்கிவிடுகிற ஷாட்டுகள். போதாததற்கு, வீட்டு விசேஷம் என்றால் கேமராவின் சத்தத்தை அவள் முதலிலேயே அழித்துவிடுவாள். பாட்டு வரப்போகிற இடத்தில் பாத்திரச் சத்தமும் தும்மலும் எதற்கு? இந்தத் தொழிலில் யாரும் அதைக் கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

கேக் வெட்டுவதற்கு முன்னால் விளக்கை அணைத்துவிட்டிருந்தார்கள். மெழுகுவத்தி வெளிச்சம். அந்த இருட்டில் எடுப்பதற்காக அக்காவும் ஷட்டரை இருபத்தைந்துக்கு இறக்கியிருந்தாள். அக்காவும் ஒரு காலத்தில் எல்லோரையும் போல் தேவைக்கு மாற்றிக்கொண்டுதான் இருந்தாள். படத்தில் பாப்பா புதுச் சட்டையில் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்கிறது.

பாப்பாவுக்குப் பின்னால் ஒரு தீற்றல்.

குனிந்திருந்தது. குழந்தையின் உயரத்துக்கு முழுசாக மடிந்து குனிந்திருந்தது.

கேமராவுக்குப் பின்னால் அக்காவின் மூச்சு ஒருதரம் தடைப்பட்டது. ஹெட்போனில் அது காதுக்குள்ளேயே கேட்டது. பிறகு நடுங்குகிற மூச்சு. நிறைய நேரம். பாப்பா மெழுகுவத்தியை ஊதிவிட்டது, எல்லோரும் கைதட்டினார்கள், யாரோ விளக்கைப் போட்டார்கள். கேமரா நிற்கவில்லை. பாப்பாவை விட்டு நகரவும் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் கேக்கை வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போகிறார்கள். பாப்பாவும் போகப் பார்க்கிறது. "நில்லும்மா, அங்கயே நில்லு" என்று அக்காவின் குரல். கெஞ்சுகிற குரல். படம் கொஞ்சம் அசைந்தது. பாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பலூன் வந்தது. கேமரா ஒருதரம் பலூனைப் பார்த்தது, மறுபடி பாப்பாவிடம் வந்தது. நாற்காலியைப் பார்த்தது, திரும்பி வந்தது. அக்கா எதையோ சோதிக்கிறாள். எதன் பக்கம் போகும் என்று பார்க்கிறாள்.

உயிரில்லாத எதன் பக்கமும் போகவில்லை.

"சின்னவளே" என்று அக்கா கூப்பிட்டாள். ரொம்பச் சாதாரணமாக. "இங்க வாயேன். வந்து நில்லு, கலர் பார்க்கணும்."

படத்துக்குள் சின்னவள் வந்தாள். வலது பக்கமிருந்து, கையில் கேக்குத் தட்டோடு, சிரித்துக்கொண்டே. போன வருஷத்துச் சின்னவள். கன்னம் சதைப்பிடிப்பாக, முடி அடர்த்தியாக. வந்து பாப்பாவுக்கு இரண்டடி தள்ளி நின்று, லென்ஸைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள்.

கேமரா பாப்பாவிடமிருந்து மெதுவாகத் திரும்பியது. வெட்டு இல்லை, நிறுத்தம் இல்லை. ஒரே ஷாட். ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறவர்களின் நிதானம் அந்தக் கையில் இருந்தது. இமைக்காத கேமராவோடு தீற்றலும் பாப்பாவை விட்டுத் திரும்பியது.

ஹெட்போனில் அக்கா முணுமுணுத்தாள்.

"போ. அவகிட்டப் போ. என் புள்ளைய விட்டுடு, அவகிட்டப் போ."

தீற்றல் நிமிர்ந்தது. பெரியவளின் உயரத்துக்கு நிமிர்ந்தது. சின்னவளின் தோளுக்கு மேல் வளைந்தது. படத்திலிருந்த சின்னவள், குளிர்கிற மாதிரி தோளைக் குலுக்கிக்கொண்டாள்.

"அவ்வளவுதான், போதும்" என்றாள் அக்கா. அழுதுகொண்டே சொன்னாள்.

சின்னவள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பயம் எங்கேயோ ஓரமாகப் போய் நின்றுகொண்டது. அதன் இடத்தில் வந்தது வேறு. அம்மா போனபோது சின்னவளுக்கு விவரம் தெரியாத வயசு. தலை பின்னிவிட்டது அக்கா, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது அக்கா, காய்ச்சல் வந்தால் ராத்திரி பூரா உட்கார்ந்தது அக்கா. அந்த அக்கா தன்னைத் தூக்கிப் போட்டுவிட்டாள். அவசரத்தில், கண்மூடித்தனமாகப் போட்டிருந்தால்கூட மன்னிக்கலாம். பலூனைப் பார்த்து, நாற்காலியைப் பார்த்து, எதுவும் ஆகாது என்று தெரிந்துகொண்டு, பிறகு கூப்பிட்டிருக்கிறாள்.

ஒவ்வொன்றாக எல்லாம் வந்து சேர்ந்தது. அதுவரை சித்தியைக் கட்டிக்கொண்டு தூங்கின பாப்பாவை, "தூக்கத்துல உதைக்கறா" என்று தன் அறைக்குக் கூட்டிப்போனது. மடியில் உட்கார்ந்தால் உடனே ஏதாவது சாக்குச் சொல்லி எழுப்பினது. அந்த டெஸ்ட் ஷாட்டுகள். ஒரு வருஷமாக, எத்தனையோ மண்டபங்களில், எத்தனையோ மேடைகளின் ஓரத்தில், அக்காவின் தொழிலுக்குத் தன் முகம்தான் அளவு என்று பெருமையோடு போய் நின்றாளே, கலர் பார்ப்பதற்கில்லை. அது இன்னும் இவளிடமே இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. தைலம் தடவும்போதும் கழுத்தை நினைத்துத் தடவவில்லை, கணக்குப் பார்த்திருக்கிறாள். சின்னவளுக்கு நெஞ்சு எரிந்தது. வாய்விட்டு அழ முயன்றாள், வறட்டு இருமல்தான் வந்தது.

வெயில் மஞ்சளாகி எதிர்ச் சுவரில் ஏறிவிட்டபோது வாசல் கதவு திறந்தது. பாப்பாவின் செருப்புச் சத்தம் ஓடி வந்தது.

"சித்தி, நான் முயலா ஆடினேன்."

"பாப்பா, உள்ள போகாத. போய் டிவி பாரு" என்று அக்காவின் குரல் அதைப் பிடித்து நிறுத்தியது. கூடத்தில் கார்ட்டூன் சத்தம் எழும்பியது. அக்கா அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். தோளில் இரண்டாவது கேமரா தொங்கியது. மானிட்டரில் பிறந்தநாள் படம் நின்றிருந்தது. அதைப் பார்த்தாள். சின்னவளைப் பார்க்கவில்லை, அவள் தோளுக்கு மேலே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள்.

"தோண்டாதன்னு சொன்னேனே."

"எங்கேருந்துக்கா வந்துச்சு அது?"

"தெரியல. சத்தியமா தெரியல. அன்னிக்குத்தான் முதல்ல பார்த்தேன். கண்ண எடுத்தா எங்க போயிடுமோன்னு பயமா இருந்துச்சு." அக்கா கதவில் சாய்ந்துகொண்டாள். "ரெண்டு மாசமாவே பாப்பாவுக்கு உடம்பு இளைச்சுட்டே வந்துச்சு. ஞாபகம் இருக்கா? எந்த டாக்டராலயும் கண்டுபிடிக்க முடியல. அது குழந்தைடி. இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்கியிருக்கும்."

"நான் எவ்வளவு நாள் தாங்குவேன்னு கணக்குப் போட்ட?"

அக்கா கேமராப் பட்டையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"நீ வாங்கிட்டிருக்கலாமே. உன் புள்ளதானே."

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா பாப்பாவுக்கு யாரு இருக்கா?"

"எனக்கு யாருக்கா இருக்கா?"

கூடத்தில் கார்ட்டூன் பூனை எதன்மேலோ மோதி விழுந்தது. பாப்பா சிரித்தது. அக்கா கதவை விட்டு விலகிச் சுவரோரமாக வந்து நின்றாள். அவளுக்குச் சொல்ல ஏதாவது இருந்திருந்தால், ஒரு பொய்யாவது இருந்திருந்தால், சின்னவள் ஒருவேளை அழுது ஓய்ந்திருப்பாள்.

"ஐம்பதுலயே வச்சிருந்தா உனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றாள் அக்கா. "அதுக்காகத்தான் டேப் ஒட்டினேன். நீயாவது நிம்மதியா இருக்கட்டும்னு."

அந்த வார்த்தையில்தான் சின்னவளுக்குள் ஏதோ அறுந்தது.

ஸ்டாண்டில் கேமரா அவளை நோக்கித்தான் நின்றது. மத்தியானத்திலிருந்து அப்படியே இருந்தது. படத்தின் எண்ணிக்கையையும் ஷட்டரையும் மறுபடி இருபத்தைந்துக்கு இறக்கி, ரெக்கார்டை அழுத்தினாள். சின்னத் திரையை முன்பக்கம் திருப்பிவிட்டாள். திரையில் தன் முகம் தெரிந்தது, தோளில் சாம்பல் படிந்திருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். கேமரா நன்றாகப் பார்க்கட்டும்.

"என்னடி பண்ற?"

சின்னவள் கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றினாள். லென்ஸைத் தன் முகத்திலிருந்து விலக்காமல் கழற்றினாள். பிறகு திருப்பினாள். மெதுவாக. வெட்டு இல்லாமல். அக்கா எப்படித் திருப்பினாளோ அப்படி.

"வேணாம்டி."

திரையில் ஜன்னல் போனது. சுவர் போனது. கிரேயான் பூனை போனது. அக்கா வந்தாள்.

"போ" என்றாள் சின்னவள். "அவகிட்டப் போ."

கழுத்தில் அந்தச் சில்லிப்பு விட்டது. ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக விட்டது. அவளுக்கு அழுகை வந்தது, அவ்வளவு சுகமாக இருந்தது.

அக்கா அலறவில்லை. அவள் தொழில்காரி. தோளிலிருந்த கேமரா கைக்கு வந்துவிட்டது. பார்க்காமலே விரல் டேப்பைக் கிழித்தது, பார்க்காமலே டயலைத் திருகியது. லென்ஸில் தன்னையும் தன் தோளையும் ஒருதரம் காட்டி, அதே வீச்சில் அதைச் சின்னவளின் பக்கம் திருப்பிவிட்டாள்.

சில்லிப்பு திரும்ப வந்தது. பாதி வந்தது. நின்றது.

இரண்டு லென்ஸ். அறைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. இரண்டும் இமைக்கவில்லை. சின்னவளின் திரையில் அக்காவுக்கும் தனக்கும் நடுவே அந்தச் சாம்பல் துடித்தது. முன்னே வந்தது. பின்னே போனது. எந்தப் பக்கமும் சேர முடியாமல்.

"இறக்குடி" என்றாள் அக்கா.

"நீ இறக்கு."

யார் முதலில் இறக்குகிறாளோ அவளிடம் வந்துவிடும். இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. கை வலித்தது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு மூச்சு. மூன்று.

கதவு திறந்தது.

"அம்மா, டிவி நின்னுபோச்சு."

முயல் காது மாட்டின பாப்பா. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டது. சிரித்துக்கொண்டே நடந்து வந்து, அறையின் நடுவில், இரண்டு லென்ஸுக்கும் மத்தியில் நின்றது.

துடித்துக்கொண்டிருந்த சாம்பல் நின்றுவிட்டது.

அசையாமல் நிற்பது எந்த ஷட்டரிலும் தெளிவாக விழும். திரையில் அது முழுசாகத் தெரிந்தது. தோலும், விரல்களும், குவிந்த வாயும். மெதுவாக மடிந்து குனிந்திருந்தது. முயல் காதுகளுக்கு நடுவே. பிஞ்சுப் பிடரிக்கு ஒரு விரல் தூரத்தில்.

"குளுருது சித்தி" என்றது பாப்பா.

சின்னவள் திரையிலிருந்து கண்ணைத் தூக்கி அக்காவைப் பார்த்தாள். அக்காவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. என் புள்ள, என் புள்ள என்று உதடு அசைந்தது. இறக்கினால் தன்னிடம் வந்துவிடும் என்று தெரிந்த கைகள் மட்டும் கல் மாதிரி நின்றன.

அக்கா கேமராவைக் கீழே இறக்கவில்லை. சின்னவளும் இறக்கவில்லை.